வெக்கை நடந்த தடம்

கொள்ளைநோய்களின் வரலாற்றில் மனித முயற்சியால் உலகிலிருந்தே அறவே ஒழிக்கப்பட்டவை இரண்டு மட்டுமே: ஒன்று பெரியம்மை, மற்றொன்று, கால்நடை மருத்துவ நூல்கள் ரிண்டர்பெஸ்ட் என்று குறிப்பதும் தமிழகத்து மாடு வளர்ப்போர் வெக்கை நோய் என்று அழைத்துவந்ததுமான மாட்டுக் கொள்ளைநோய். 2011 மே 25 அன்று உலக விலங்குநல அமைப்பும், ஜூன் 28 அன்று ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பும் அந்நோய் இனி உலகில் இல்லை என்று அறிவித்தன. அதை வென்ற தடுப்பூசி உருவான ஊரும், அது கடைசியாகக் கண்டறியப்பட்ட காடும் கென்யா என்ற ஒரே நாட்டுக்குள் இருக்கின்றன. முகுகா என்ற அந்த ஊரிலிருந்து மேரு என்ற அந்தக் காட்டுக்கு நேர்வழியே ஒரு பகலில் போய்விடலாம். நோய் போன வழியைக் கண்டுகொண்டே போக வேண்டுமானால், முதலில் மேற்கே பிளவுப் பள்ளத்தாக்கில் இறங்கி, பிறகு கிழக்கே சோமாலிய எல்லையை நோக்கிச் சென்று, தானா ஆற்றை ஒட்டி மேலேற வேண்டும்.

நைரோபியிலிருந்து வடமேற்கே நைவாஷா செல்லும் சாலையில், நகரின் நெரிசல் குறைந்து தேயிலைச் சரிவுகளும் சோளக் கொல்லைகளும் தொடங்கும் மேட்டு நிலத்தில் முகுகா அமைந்துள்ளது. வெக்கையை எதிர்கொள்வதையே முதற்கடமையாகக் கொண்டு 1951இல் தொடங்கப்பட்ட ஆப்பிரிக்கப் பன்னாட்டுக் கால்நடை நோய் அலுவலகம் முதலில் இயங்கியது இங்கேதான். கிழக்கு ஆப்பிரிக்கக் கால்நடை ஆய்வு நிறுவனமும் இங்கேயே இருந்தது. அந்நிறுவனத்தில் 1950களின் பிற்பகுதியில் பணிக்கு வந்த வால்ட்டர் பிளவ்ரைட் என்ற ஆங்கிலேயக் கால்நடை மருத்துவர், அருகிலுள்ள கபேட்டே ஆய்வகத்தில் முன்பு பிரித்தெடுக்கப்பட்டிருந்த வெக்கை வைரஸைக் கன்றின் சிறுநீரகத் திசுக்களில் வளர்த்து, ஒரு தலைமுறைத் திசுவிலிருந்து எடுத்து அடுத்த தலைமுறைத் திசுவில் இட்டு, இவ்வாறே 90 முறை கடத்தினார். ஒவ்வொரு கடத்தலிலும் வைரஸ் திசுவில் வாழப் பழகிப் பழகி, மாட்டை நோய்ப்படுத்தும் வீரியத்தை இழந்தது. மாட்டின் உடலில் எதிர்ப்பாற்றலைத் தூண்டும் தன்மையை மட்டும் இழக்கவில்லை. இத்தடுப்பூசி எல்லா இன மாடுகளுக்கும் பாதுகாப்பானதாகவும் மலிவானதாகவும் அமைந்தது. பிளவ்ரைட்டுக்கு 1999இல் உலக உணவுப் பரிசு வழங்கப்பட்டது. நோய் ஒழிந்ததாக அறிவிக்கப்படுவதற்கு ஓராண்டுக்கு முன்னரே, 2010இல், அவர் காலமானார்.

நோயின் இயல்பை அறிந்தால்தான் அதன் தடத்தை வரைபடத்தில் ஏன் பின்தொடர முடிந்தது என்பது விளங்கும். வெக்கை வைரஸ் மனிதரின் தட்டம்மை வைரஸுக்கு நெருங்கிய உறவுடையது. கடும் காய்ச்சலில் தொடங்கி, கண்ணிலும் மூக்கிலும் நீர் வடிந்து, வாய்க்குள் தோல் உரிந்து புண்ணாகி, கழிச்சல் கண்டு, ஒன்றிரண்டு வாரங்களுக்குள் மாடு இறந்துபோகும். நோயை முன்பு அறியாத மந்தையில் பத்துக்கு எட்டு, ஒன்பது மாடுகள்கூட மடிந்ததுண்டு. ஆயினும் இவ்வளவு கொடிய வைரஸ் மாட்டின் உடலுக்கு வெளியே வெயிலிலும் உலர்காற்றிலும் நெடுநேரம் தாங்காது. நோயுற்ற மாடும் நோயற்ற மாடும் நெருங்கி நின்றால்தான் பரவும். பிழைத்த மாடு வாழ்நாள் முழுவதும் மீண்டும் நோய்ப்படாது, பிற மாட்டுக்கு நோயைக் கொடுக்கவும் செய்யாது. ஆகவே இந்நோய் காற்றில் பறந்து செல்லவில்லை, மண்ணில் மறைந்து காத்திருக்கவும் இல்லை. மாடு நடந்த வழியில், மாடு நடந்த வேகத்தில் நடந்தது. வெக்கையின் வரைபடம் என்பது மேய்ச்சல் தடங்கள், தண்ணீர்த் துறைகள், சந்தைகள், படையெடுப்புகள் ஆகியவற்றின் வரைபடமே.

முகுகாவைக் கடந்து சிறிது தொலைவில் நிலம் திடீரென்று அற்றுப்போக, கீழே பிளவுப் பள்ளத்தாக்கு விரிகிறது. லோங்கோனோட் எரிமலையின் வாய் வடமேற்கிலும், சுஸ்வா மலையின் தாழ்ந்த முதுகு தென்மேற்கிலும், இடையே புல்வெளியும் முள்மரங்களுமாகத் தெரியும் சமவெளி நெடுங்காலம் மாசாய் மக்களின் மேய்ச்சல் நிலமாக இருந்தது. 1887இல் செங்கடற்கரையின் மசாவா துறைமுகத்தில் இத்தாலியப் படைக்காக இறக்கப்பட்ட மாடுகளோடு வெக்கை ஆப்பிரிக்காவின் இப்பகுதிக்குள் நுழைந்ததாகவும், அம்மாடுகள் இந்தியாவிலிருந்து வந்தவை என்றும் வரலாற்றாசிரியர் பலர் கருதுகின்றனர். எத்தியோப்பியாவின் மாடுகளில் பத்தில் ஒன்பது பங்கு அழிந்ததாக மதிப்பிடப்படுகிறது. உழவு மாடு இல்லாமல் ஏர் நின்றதால் 1888 முதல் 1892 வரை நீடித்த பெரும்பஞ்சத்தில் மக்களில் மூன்றில் ஒரு பங்கினர் இறந்திருக்கலாம் என்று கணிப்போரும் உண்டு. அங்கிருந்து தெற்கே இறங்கிய நோய் 1890ஐ ஒட்டி இந்தப் பள்ளத்தாக்கை அடைந்து, 1896இல் சாம்பெசி ஆற்றைக் கடந்து, 1897க்குள் கண்டத்தின் தென்முனைக் குடியேற்றமான கேப் நிலப்பகுதியை எட்டியது. ஒரு கண்டத்தின் நீளத்தை நோய் பத்தாண்டுகளில் நடந்து கடந்துவிட்டது.

பாலும் இரத்தமும் இறைச்சியும் மாட்டிலிருந்தே பெற்று வாழ்ந்த மாசாய் மக்கள் மாடு இழந்ததோடு பட்டினியையும் பெரியம்மையையும் உள்நாட்டுப் போர்களையும் ஒருங்கே எதிர்கொண்டனர். எமுத்தாய் என்று அவர்கள் நினைவில் நிற்கும் அழிவுக்காலம் அதுவே. அக்காலத்தின் பின்விளைவு வேறொரு வரைபடத்திலும் பதிந்தது. ஆளும் மாடும் குறைந்து கிடந்த இந்நிலத்தை வெறுநிலம் என்று கண்ட பிரித்தானிய ஆட்சி, 1904, 1911 ஆண்டுகளின் உடன்படிக்கைகள் மூலம் மாசாய்களைப் பள்ளத்தாக்கிலிருந்தும் லைக்கிப்பியா மேட்டிலிருந்தும் அகற்றி, வெள்ளைக் குடியேறிகளுக்குப் பண்ணைகளாகப் பிரித்துக் கொடுத்தது. அதன்பின் கால்நடைத் துறை வரைந்த நோய் வரைபடங்களில் குடியேறிகளின் பண்ணைகளுக்கும் ஆப்பிரிக்கர்களின் ஒதுக்குநிலங்களுக்கும் இடையே தடுப்புக்காப்புக் கோடுகள் எழுந்தன; அதாவது, நோய் இருக்கலாம் என்ற ஐயத்தின்பேரில் மாடுகளை வெளியே கொண்டுசெல்லத் தடைவிதிக்கும் எல்லைகள். மாசாய் ஒதுக்குநிலம் அடுத்த பல பத்தாண்டுகளில் பெரும்பாலான காலம் இத்தடைக்குள்ளேயே இருந்தது. நோய் எங்கே இருக்கிறது என்று அறிவதற்கான கருவியாக இருக்க வேண்டிய வரைபடம், யாருடைய மாடு சந்தைக்கு வரலாம், யாருடையது வரக்கூடாது என்று தீர்மானிக்கும் கருவியாக மாறிய வரலாறு இது. மேய்ப்பவர்கள் நோயை அரசு அலுவலரிடம் சொல்லாமல் மறைக்கும் வழக்கம் இத்தகைய சூழலில் வேரூன்றியதில் வியப்பில்லை: சொன்னால் மருந்து வருவதற்கு முன் தடை வந்தது.

பள்ளத்தாக்கின் அடியிலுள்ள மாய் மாஹியுவிலிருந்து மேற்கே திரும்பும் சாலை நரோக் நகரைத் தொட்டு, மாசாய் மாரா புல்வெளிக்கும் அதன் தொடர்ச்சியாகத் தான்சானியாவில் பரந்துள்ள செரங்கெட்டிக்கும் இட்டுச் செல்கிறது. வெக்கை வரைபடத்தின் முக்கியமான புதிர் ஒன்று விடுபட்டது இந்தப் புல்வெளியில்தான். நோய் காட்டெருமை, வைல்டபீஸ்ட் என்ற காட்டுக் குளம்பி, எலண்ட் மான் ஆகியவற்றையும் தாக்கியதால், காட்டு விலங்குகளே நோயைத் தேக்கி வைத்து மாட்டுக்குத் திரும்பத் திரும்பக் கொடுக்கின்றன என்றும், அவை இருக்கும்வரை நோய் ஒழியாது என்றும் நெடுங்காலம் நம்பப்பட்டது. 1950களின் பிற்பகுதியிலும் 1960களின் தொடக்கத்திலும் செரங்கெட்டியைச் சுற்றிய மாடுகளுக்குத் தடுப்பூசி போடப்பட்டது. காட்டு விலங்குக்கு ஒரு ஊசியும் போடப்படவில்லை. ஆனால் அதன்பின் பிறந்த வைல்டபீஸ்ட் கன்றுகளின் இரத்தத்தில் வெக்கைக்கான எதிர்ப்பொருள், அதாவது வைரஸ் நுழைந்தால் உடல் உருவாக்கும் தற்காப்புப் புரதம், காணப்படவில்லை. 1961ஐ ஒட்டிச் சுமார் 2.5 லட்சமாக இருந்த வைல்டபீஸ்ட் எண்ணிக்கை 1970களின் இறுதிக்குள் சுமார் 13 லட்சமாகப் பெருகியது. இன்று ஆண்டுதோறும் மாரா ஆற்றைக் கடக்கும் பெருந்திரளைக் காணப் பல நாடுகளிலிருந்தும் மக்கள் வருகின்றனர். அத்திரள் அந்த அளவுக்குப் பெருக இடம் தந்தவற்றுள் முதன்மையானது சுற்றுப்புற மாடுகளுக்குப் போட்ட தடுப்பூசி. நோயைத் தாங்கி நின்றது மாடு, காடு அன்று என்பது இதனால் உறுதியாயிற்று.

தடுப்பூசியும் இருந்தது, நோயின் இருப்பிடம் மாடு என்ற தெளிவும் வந்தது. அப்படியிருந்தும் முதல் பெருமுயற்சி தோற்றது. 1962 முதல் 1976 வரை ஆப்பிரிக்க நாடுகள் 22 சேர்ந்து நடத்திய பதினைந்தாம் கூட்டுத் திட்டத்தின்கீழ் கோடிக்கணக்கான ஊசிகள் போடப்பட்டு, நோய் ஏறத்தாழ மறைந்தது. ஆனால் மேற்கே மாலி, மௌரித்தானியா எல்லையிலும், கிழக்கே சூடான், எத்தியோப்பியா பகுதியிலும் சில மந்தைகளில் அது தங்கியிருந்தது. எத்தனை ஊசி போடப்பட்டது என்ற கணக்கு இருந்ததே தவிர, எந்த மந்தை விடுபட்டது என்ற கணக்கு இல்லை. மேலும், ஊசி போட்ட மாட்டின் இரத்தத்திலும் நோய் கண்டு பிழைத்த மாட்டின் இரத்தத்திலும் ஒரே எதிர்ப்பொருள்தான் இருக்கும் என்பதால், எல்லா மாட்டுக்கும் ஊசி போட்டுக்கொண்டே இருக்கும் நாட்டில் நோய் இன்னும் உலவுகிறதா என்பதை இரத்தப் பரிசோதனையால் கண்டுபிடிக்க முடியாது. 1980களின் தொடக்கத்தில் நோய் அந்த மறைவிடங்களிலிருந்து புறப்பட்டு மீண்டும் கண்டத்தின் குறுக்கே பரவி, நைஜீரியாவில் பேரிழப்பை உண்டாக்கியது.

இதற்குப் பிறகு, 1986இல் தொடங்கிய அனைத்து ஆப்பிரிக்க வெக்கை எதிர்ப்பு இயக்கமும் 1994இல் உணவு வேளாண்மை அமைப்பு தொடங்கிய உலக வெக்கை ஒழிப்புத் திட்டமும் வேறு கேள்வியோடு களம் இறங்கின. எங்கும் ஊசி போடுவது எப்படி என்று கேட்பதை விட்டு, நோய் எங்கே தங்குகிறது என்று கேட்டன. அக்கேள்விக்கு விடை கிடைத்த நிலத்தைக் காண நைரோபிக்குத் திரும்பித் தீக்கா, முவிங்கி வழியாகக் கிழக்கே ஏறத்தாழ 370 கிலோமீட்டர் செல்ல வேண்டும். உயரமும் பசுமையும் படிப்படியாக இறங்கி, செம்மண்ணும் குடைவேல மரங்களும் ஒட்டகங்களும் தென்படத் தொடங்கி, தானா ஆற்றுப் பாலத்தைத் தாண்டியதும் காரிசா வருகிறது. கிழக்கு ஆப்பிரிக்காவின் மிகப் பெரிய மாட்டுச் சந்தைகளுள் இது ஒன்று. சோமாலியாவின் ஜூபா ஆற்றுப் பக்கத்திலிருந்து எல்லை தாண்டி நடத்திக் கொண்டுவரப்படும் வெண்ணிறத் திமில் மாடுகள் இங்கே விலை பேசப்பட்டு, நைரோபிக்கும் கடற்கரை நகரங்களுக்கும் ஏற்றப்படுகின்றன. கென்யா, எத்தியோப்பியா, சோமாலியா என்ற மூன்று நாடுகளின் எல்லைக்கோடுகள் மேய்ப்பவர்களின் கால்தடத்துக்குப் பொருட்டே அல்ல. மழை பெய்த பக்கம் மந்தை போகும், விலை கிடைக்கும் பக்கம் காளை போகும். நோய் அறிஞர்கள் இந்நிலம் முழுவதையும் நாட்டெல்லை கருதாமல் சோமாலியச் சூழல்மண்டலம் என்று ஒன்றாகக் குறித்ததற்குக் காரணம் இதுவே.

சந்தையில் மாடு வாங்குபவர் முதலில் செய்வது, மூக்கைப் பிடித்துத் தலையைத் தூக்கிக் கீழுதட்டை விரலால் விலக்கிப் பல் பார்ப்பது. மாட்டின் கீழ்த்தாடையில் முன்னுள்ள எட்டுப் பாற்பற்கள் இரண்டு வயதை ஒட்டி நடுவிலிருந்து இணையிணையாக விழுந்து அகன்ற பற்கள் முளைக்கத் தொடங்கி, நான்கைந்து வயதில் எட்டும் நிறைகின்றன. பல் போடாதது, இரண்டு பல், நாலு பல், கடைசேர்ந்தது என்று தமிழகச் சந்தைகளில் வயது சொல்லும் அதே அறிவு இது. நோய் வரைபடம் வரைந்தவர்கள் இவ்வறிவைக் காலக்கணக்காக மாற்றினர். ஒரு பகுதியில் தடுப்பூசியை முற்றிலும் நிறுத்திவிட்டு, சில ஆண்டுகள் கழித்து மாடுகளின் பல்லைப் பார்த்து வயதைக் குறித்து இரத்தம் எடுத்தால், ஊசி நிறுத்திய பின் பிறந்த மாட்டின் இரத்தத்தில் எதிர்ப்பொருள் இருக்கக் கூடாது. இருந்தால், அந்த மாடு பிறந்த பிறகு அவ்வழியே நோய் போயிருக்கிறது என்பது பொருள். ஊசியை நிறுத்தும் துணிவு இருந்தால்தான் இவ்வகை வரைபடம் கிடைக்கும்.

ஆனால் எந்த மந்தையில் இரத்தம் எடுப்பது என்பதை ஆய்வகம் சொல்ல முடியாது. அதைச் சொன்னவர்கள் மேய்ப்பவர்கள். பங்கேற்பு நோய்ப்பரவலியல் என்று பெயர் பெற்ற முறை 1990களில் இந்நிலப்பகுதிகளில் உருப்பெற்றது. கால்நடை மருத்துவர் அச்சடித்த படிவத்தை நீட்டாமல், கிணற்றடியிலோ மர நிழலிலோ பெரியவர்களோடு அமர்ந்து, அவர்கள் நிலத்தை அவர்களையே மண்ணில் வரையச் சொல்வார். ஒருவர் குச்சியால் ஆற்றைக் கீறுவார். இன்னொருவர் கிணறு இருக்கும் இடங்களில் கல் வைப்பார். கூ என்ற நீண்ட மழைக்காலத்தில் மந்தை எங்கே நிற்கும், ஜிலால் என்ற கடும் வறட்சியில் எந்தத் துறைக்கு வந்து யாருடைய மந்தையோடு கலக்கும் என்பதை மற்றவர்கள் திருத்தித் திருத்திச் சொல்ல, கோடுகள் கூடும். அதன்பின் நூறு விதைகளைக் கொடுத்து, கடந்த ஆண்டு மந்தையைப் பிடித்த நோய்களுக்கு ஏற்றவாறு குவியல்களாகப் பிரிக்கச் சொல்வார். எந்தக் குவியல் பெரிது, எந்த நோயில் கண்ணில் நீர் வடிந்தது, எந்த வயது மாடு படுத்தது என்று கேட்டுச் செல்கையில், பெயர் சொல்லாமலே வெக்கையின் அடையாளம் வெளிப்படும். இவ்விவரங்களை வேறு கிணற்றடிகளில் கேட்டவற்றோடு ஒப்பிட்டு, ஐயம் எழுந்த மந்தையில் மட்டும் இரத்தம் எடுக்கப்பட்டது.

இம்முறை இல்லாமல் சோமாலியச் சூழல்மண்டலத்தின் நோயைக் கண்டிருக்கவே முடியாது என்பதற்கு வலுவான காரணம் உண்டு. அங்கே உலவியது ஆப்பிரிக்காவின் இரண்டாம் மரபுவழி என்று வகைப்படுத்தப்பட்ட வைரஸ். அது அப்பகுதி மாடுகளுக்குச் சில நாள் காய்ச்சலும் கண்ணில் சிறிது நீரும் மட்டுமே உண்டாக்கிச் சென்றது. கொத்துக்கொத்தாக மாடு சாவதையே வெக்கை என்று கற்ற மருத்துவர்கள் பார்வையில் அது படவில்லை. 1994 முதல் கென்யாவின் சாவோ காடுகளில் காட்டெருமைகள் சாகத் தொடங்கி, சிறு குடு என்ற வகை மான்கள் கண்பார்வை இழந்து திரிந்தபோது எடுக்கப்பட்ட மாதிரிகளை இங்கிலாந்தின் பிர்பிரைட் ஆய்வகம் ஆராய்ந்து, 30 ஆண்டுகளுக்கும் மேலாக யாரும் காணாத அந்த இரண்டாம் மரபுவழியே இது என்று கண்டது. அத்தனை ஆண்டுகளும் வைரஸ் எங்கோ மந்தைகளில் இருந்திருக்க வேண்டும். காட்டு விலங்கு நோயின் இருப்பிடம் ஆகாது. ஆனால் அருகிலுள்ள மந்தையில் நோய் இருப்பதைத் தன் சாவால் அறிவிக்கும். அந்த மந்தை எங்கிருந்து வந்தது என்பதை மேய்ப்பவர்களின் மண் வரைபடம் காட்டியது.

இடத்தைக் கண்டபின் அங்கே மருந்து போய்ச் சேரவும் வழி வேண்டும். குளிரூட்டி இல்லாமல் பல வாரங்கள் கெடாதிருக்கும்படி பிளவ்ரைட்டின் தடுப்பூசியை ஜெஃப்ரி மரைனர் என்ற அமெரிக்கக் கால்நடை மருத்துவர் உலர்த்தும் முறையை மாற்றி மேம்படுத்தினார். எத்தியோப்பியாவின் அஃபார் பாலைநிலத்தில், அரசு வண்டி போக முடியாத இடங்களுக்கு, ஊரார் தேர்ந்தெடுத்துப் பயிற்சி பெற்ற மேய்ப்பவர்களே 1994இலிருந்து அதைக் கொண்டுசென்று மாடுகளுக்குப் போட்டனர். அடுத்த ஆண்டுக்குப் பிறகு எத்தியோப்பியாவில் வெக்கை காணப்படவில்லை.

காரிசாவிலிருந்து தானா ஆற்றை எதிர்த்து வடமேற்கே சென்றால், அவ்வாற்றையே தன் தென்னெல்லையாகக் கொண்ட மேரு தேசியப் பூங்கா வருகிறது. மேற்கே நியாம்பேனே மலைகளில் பிறந்து இறங்கும் பல ஓடைகளின் கரைகளில் கிளைபிரியும் டூம் பனைகள் நிற்க, அவற்றின் அடியில் நாணற்சேற்றில் காட்டெருமைகள் கூட்டமாக மேய்கின்றன. வடக்கிலும் கிழக்கிலும் இருந்து வறட்சிக் காலத்தில் மந்தைகள் இந்த நீரை நோக்கியே வரும். 2001இல் இங்குள்ள காட்டெருமைகளில்தான் உலகின் கடைசி வெக்கைத் தொற்று உறுதிப்படுத்தப்பட்டது. இன்று கண்முன் மேயும் இளங்காட்டெருமை ஒவ்வொன்றும் அந்நோயை அறியாமல் பிறந்தது. அந்தக் கடைசித் தொற்றுக்குப் பின்னும் ஆண்டுக்கணக்கில் தேடிய பின்னரே, 2009இல் கென்யாவும் 2010இல் சோமாலியாவும் நோயற்ற நாடுகளாக ஏற்கப்பட்டன.

இவ்வரைபடத்தின் ஒரு கோடு தமிழகத்தையும் தொடுகிறது. இந்தியாவில் வெக்கை கடைசியாகக் கண்டது 1995இல், அந்நாளைய வட ஆர்க்காடு மாவட்டத்தில். 2006இல் இந்தியா தொற்றற்ற நாடாக ஏற்கப்பட்டது. வெக்கைக்கு நெருங்கிய உறவான ஆட்டுக்கொல்லி நோய் இந்தியாவில் முதன்முதலில் அடையாளம் காணப்பட்டதும் தமிழகத்தில்தான்: 1987இல் விழுப்புரம் பகுதியின் அரசூரில். அந்நோயை 2030க்குள் உலகிலிருந்து ஒழிப்பது என்று உணவு வேளாண்மை அமைப்பும் விலங்குநல அமைப்பும் 2015இல் இலக்கு வகுத்துள்ளன. ஆடு மாட்டைக் காட்டிலும் விரைவாகப் பெருகுவது, விரைவாகக் கைமாறுவது, பெரும்பாலும் நிலமற்றவர்களின் உடைமை. ஆகவே அதன் தடத்தைப் பின்தொடர்வது இன்னும் கடினம்.

போட்ட ஊசிகளின் எண்ணிக்கையை வைத்து நோயின் நிலையை அளந்தபோதெல்லாம் வெக்கை திரும்பி வந்தது; விடுபட்ட மந்தை எது என்று கேட்டபோதுதான் அது ஒழிந்தது. அக்கேள்விக்கு விடை தெரிந்தவர்கள் கிடை போடுபவர்களும் சந்தைக்கு ஓட்டிச் செல்பவர்களும் கிணற்றடியில் முறை வைத்து நீர் இறைப்பவர்களுமே. அவர்கள் நோயைச் சொன்னால் தடை வராது, மருந்து வரும் என்ற உறுதியை அரசுகள் முதலில் அளிக்க வேண்டும். ஆட்டுக்கொல்லிக்கான வரைபடமும் அவர்களோடு அமர்ந்து வரையப்பட்டால்தான் மெய்யானதாக இருக்கும்.